எம்ஜிபி மிஸ் அடிக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காருக்கான வழிமுறை இது. 1798 சி.சி. பி-சீரிஸ் எஞ்சின், பாயிண்ட் (பொறிக்கான கரண்டை விட்டு விட்டு அறுக்கும் தொடர்பு) வைத்த லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடுவது), இரண்டு எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர் உள்ள வண்டியைத்தான் கணக்கில் எடுத்திருக்கிறோம். நம் ஊர் அம்பாசடரில் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் இதே பி-சீரிஸ் குடும்பம். அதைப் பிரித்து மாட்டிய கைக்கு இங்கே பாதி விஷயம் பழகியதாகவே இருக்கும்.

மிஸ் அடித்ததும், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றாமல் எஞ்சின் இடறியதும், பலரும் முதலில் கை வைப்பது கார்புரேட்டரில். அதுதான் தப்பு. எஸ்யூவில் அசையும் பாகங்களே கொஞ்சம்; நேற்று வரை ஒழுங்காக ஓடியது ஒரே ராத்திரியில் கெட்டுப்போவது அபூர்வம். பாயிண்ட், கண்டென்சர் (பாயிண்டில் பொறி பறக்காமல் அடக்குவது), ரோட்டர் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றிப் பொறியை ஒவ்வொரு பிளக் வயருக்கும் கடத்துவது) மூன்றும் அப்படியல்ல. மின்சாரப் பக்கத்தை முழுக்கப் பார்த்து முடிக்கும் வரை கார்புரேட்டரின் ஒரு நட்டைக்கூடத் திருக வேண்டாம். திருகிவிட்டால் ஒரு கோளாறு இரண்டாகிவிடும், எது எதனால் என்று பிரித்துச் சொல்லவும் முடியாது.

இன்னொன்று: பிளக், பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். இன்று கடையில் கிடைக்கும் மாற்றுக் கண்டென்சர்களிலும் ரோட்டர்களிலும் தரமற்றவை நிறைய. பழைய நல்ல பாகத்தை எறிந்துவிட்டுப் புதுக் கோளாறை நீங்களே பூட்டிக்கொள்வீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள். கழற்றிய பழையதை டிக்கியில் போட்டு வையுங்கள்.

ஒரே சிலிண்டரா, எல்லாமா?

முதல் கேள்வி இதுதான். எஞ்சினை ஐடிலில் விட்டு, கனமான ரப்பர் கையுறையோடு பிளக் வயரை ஒவ்வொன்றாக உருவுங்கள். உருவியதும் எஞ்சின் தடுமாறினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1; பற்றும் வரிசை 1-3-4-2; டிஸ்ட்ரிபியூட்டர் சுற்றுவது இடஞ்சுழியாக. பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் மாட்யூல் மாட்டியிருந்தால் வயரை அந்தரத்தில் தொங்க விடக் கூடாது. ஒரு பழைய பிளக்கைச் செருகி அதன் உடலை எஞ்சினோடு எர்த் செய்துவிட்டுத்தான் சோதிக்க வேண்டும்.

சைலன்சர் குழாயின் வேரில் வெப்பமானி காட்டி எது குளிர்ந்திருக்கிறது என்று பார்ப்பவர்களும் உண்டு. இந்த எஞ்சினில் அது பாதி வேலைக்குத்தான் ஆகும். 2-ம் 3-ம் ஒரே எக்ஸாஸ்ட் வழியைப் பகிர்வதால், அந்த இரண்டில் எது செத்தது என்று அங்கே தெரியாது. இன்லெட்டில் ஜோடி வேறு: முன் கார்புரேட்டர் 1, 2-க்கும் பின் கார்புரேட்டர் 3, 4-க்கும் ஊட்டுகிறது. இந்த இரண்டு ஜோடிகளையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே திரும்ப வரும்.

செத்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி வரவில்லை. காய்ந்த கரிப்பொடி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கான கருப்பு என்றால் வால்வு கைடு அல்லது ரிங். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் பெட்ரோல் குறைவு அல்லது டைமிங் (பொறி பாயும் நேரம்) முன்னால் போயிருக்கிறது. அந்தப் பிளக்கையும் பக்கத்துச் சிலிண்டர் பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். மிஸ் பிளக்கோடு நகர்ந்தால் பிளக் போய்விட்டது. நகராவிட்டால் அடுத்து வயரை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாமல் அதே சிலிண்டரில் நின்றால் நேராகக் கடைசிப் பகுதியிலுள்ள கம்ப்ரஷன் சோதனைக்குப் போய்விடலாம். பழைய வண்டிகளுக்குப் பிளக் இடைவெளி 0.025 அங்குலம், அதாவது 0.64 மி.மீ. என்ஜிகே பிபி6ஈஎஸ் ரகம் சரியாகப் பொருந்தும்.

டாக்கோமீட்டர் முள் குதிக்கிறது

இடறும் நேரத்தில் ஆர்பிஎம் முள் மீது ஒரு கண் வையுங்கள். காசில்லாமல் கிடைக்கும் சோதனை இது. டாக்கோமீட்டர் படிப்பது காயிலின் (பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) தாழ்வழுத்தப் பக்கத் துடிப்பை. எஞ்சின் இடறும்போது முள்ளும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் இக்னிஷன் சுவிட்ச், வெள்ளை வயர், காயில் முனை, பாயிண்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் வயர் இவற்றில் எங்கோ தொடர்பு அறுகிறது. எஞ்சின் குலுங்க முள் மட்டும் வழுவழுவென்று நின்றால் தாழ்வழுத்தப் பக்கம் தப்பியது. மூடி, ரோட்டர், பிளக் வயர், அல்லது பெட்ரோல் பக்கம் போங்கள்.

முள் குதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மல்டிமீட்டரை எடுங்கள். இக்னிஷனைப் போட்டு, பாயிண்ட் மூடியிருக்கும்படி எஞ்சினை நிறுத்தி, காயிலுக்குக் கரண்ட் வரும் முனையில் அளந்தால் பேட்டரி அளவு வோல்ட் இருக்க வேண்டும். ஒரு வோல்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ கசிகிறது. ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால் உள்ள புல்லட் கனெக்டர்களில்தான் துரு அதிகம். பிறகு காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெள்ளை-கருப்பு வயரில் அளங்கள். பாயிண்ட் மூடியிருக்கையில் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும், 0.2 வோல்டைத் தாண்டினால் பாயிண்ட் முகமோ எர்த்தோ அழுக்கு. பாயிண்டைத் திறந்ததும் முழு வோல்ட் வர வேண்டும். திறந்தும் வராவிட்டால் ஏதோ உள்ளே எர்த்தைத் தொடுகிறது.

1974-ன் இறுதியில் ரப்பர் பம்பர் வந்த பின் தயாரான வண்டிகளில் காயிலுக்கு முன்னால் பேலஸ்ட் ரெசிஸ்டர் வயர் (காயிலுக்குப் போகும் வோல்டைக் குறைக்கும் தடை வயர்) உண்டு. அதில் பாயிண்ட் மூடியிருக்கையில் காயில் முனையில் பாதியளவு வோல்ட்தான் தெரியும், அது கோளாறல்ல. காயிலின் உள்தடையை அளந்தால் இரண்டும் பிரிந்துவிடும்: பேலஸ்ட் இல்லாத அமைப்புக்கு 3 ஓமை ஒட்டி, பேலஸ்ட் உள்ளதற்கு 1.5 ஓமை ஒட்டி. 3 ஓம் காயிலைப் பேலஸ்ட் வயரில் மாட்டினால் பொறி சோம்பிப்போகும். 1.5 ஓம் காயிலை நேர் 12 வோல்டில் மாட்டினால் பாயிண்ட் எரியும், காயிலும் கையை வைக்க முடியாமல் கொதிக்கும். யாரோ எப்போதோ மாற்றிய காயிலால் வந்த மிஸ்ஸிங் நிறைய.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். மூடியைக் கழற்றிக் கையில் வைத்து வெளிச்சத்தில் திருப்புங்கள். நடுவில் ஸ்பிரிங்கோடு கார்பன் பிரஷ் உள்ளே போய் வெளியே வர வேண்டும். சுவரில் முடி இழை போலக் கருப்புக் கோடு ஓடினால் அது விரிசலல்ல, மின்சாரம் தானே போட்டுக்கொண்ட பாதை. அழித்தாலும் திரும்ப வரும். மூடியை மாற்றத்தான் வேண்டும்.

பழைய 25டி மூடியில் பிளக் வயர் பக்கவாட்டில் நுழைந்து, உள்ளேயிருந்து ஒரு ஊசித் திருகால் பிடிபடும். அது செம்புக் கம்பி வயருக்காக அமைந்தது. நவீனக் கார்பன் இழை வயரை அதில் செருகினால் திருகு கார்பனைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். குளிரில் ஓடும், சூட்டில் விட்டுவிடும். செம்பு வயரும், ரேடியோ இரைச்சலுக்கு ரெசிஸ்டர் வைத்த பிளக் கேப்பும் போடுங்கள்.

ரோட்டருக்கு ஒரு நல்ல சோதனை. ரோட்டரை அதன் இடத்தில் விட்டு, காயிலின் நடு வயரை மூடியிலிருந்து பிடுங்கி, அதன் நுனியை ரோட்டரின் பித்தளைத் தகட்டுக்கு மேல் 3 மி.மீ. தூரத்தில் காப்பிட்ட கொறடால் பிடியுங்கள். பாயிண்ட் மூடியிருக்கும் நிலையில் இக்னிஷனைப் போட்டுப் பாயிண்டைக் காப்பிட்ட ஸ்க்ரூடிரைவரால் பிரித்துப் பிரித்து விடுங்கள். ரோட்டர் நல்லதென்றால் பொறிக்குப் போக வழியில்லை; அதிகபட்சம் முதலில் ஒரு சின்னத் துளிப் பொறி. ஒவ்வொரு தடவையும் பளிச்சென்று பாய்ந்தால் ரோட்டரின் உடலைத் துளைத்து ஷாஃப்டுக்குள் மின்சாரம் இறங்குகிறது. தகட்டை ரிவெட் அடித்துப் பிடித்த மலிவு ரோட்டர்களில் இது சகஜம். ரிவெட்டின் கால் ஷாஃப்ட் பக்கம் மிக அருகில் வந்துவிடுகிறது. ரிவெட் இல்லாமல் வார்த்த ரகத்தைத் தேடி வாங்குங்கள்.

பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம், 0.35 முதல் 0.40 மி.மீ. வண்டியை நான்காம் கியரில் போட்டு மெல்லத் தள்ளி, பாயிண்டின் குதிகால் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டிலுள்ள கேமின் உச்சியில் நிற்கும்போது ஃபீலர் கேஜை விடுங்கள். புதுப் பாயிண்டில் துருப்பிடிக்காமலிருக்க மெல்லிய பூச்சு இருக்கும். தின்னர் தொட்ட துணியால் துடைக்காமல் மாட்டினால் முதல் நாளே மிஸ் அடிக்கும். கேமில் நெல்மணி அளவு கிரீஸ் தொட்டு வையுங்கள். காய்ந்த கேமில் குதிகால் தேயும், இடைவெளி சுருங்கும், டைமிங் பின்னால் போகும். வண்டி இழுவையை இழப்பது ஓட்டுபவருக்குத் தெரியாமலே நடக்கும்.

பாயிண்டின் நட்டுக்கு அடியில் இரண்டு வயர் முனைகள் சேர்கின்றன: காயிலிலிருந்து வருவது, கண்டென்சரிலிருந்து வருவது. இரண்டும் ஸ்பிரிங்கைத் தொட வேண்டும். நடுத் தூணைத் தொடவே கூடாது. இடையில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் தொப்பியைத் தலைகீழாகப் போட்டால் எஞ்சின் ஸ்டார்ட்டே ஆகாது. ஓரமாக மடங்கியிருந்தால் எப்போதாவது மட்டும் தொடும். அந்த "எப்போதாவது"தான் ஆளைக் கொல்லும்.

கடைசியாக, யாரும் பார்க்காத எர்த் வயர். பாயிண்ட் உட்காரும் தட்டு வேக்குவத்தால் அசைகிறது. அதை உடலோடு இணைப்பது துணி சுற்றிய ஒரு சின்னப் பின்னல் வயர். ஐம்பது வருஷம் மடங்கி மடங்கி அதன் இழைகள் துணிக்குள்ளேயே அறுந்திருக்கும்; வெளியே முழுசாகத் தெரியும். அறிகுறி தெளிவானது: சீரான வேகத்தில் ஆக்சிலேட்டரை லேசாக விட்டுப் பிடிக்கையில் இடறும், முழுதாக மிதித்தால் ஓடும். வேக்குவம் குழாயைப் பிடுங்கி முனையை அடைத்துவிட்டு ஓட்டுங்கள். மிஸ் நின்றுவிட்டால் குற்றவாளி அந்த வயரோ, தளர்ந்த தட்டோதான். மெல்லிய பல இழை வயரால் மாற்றுங்கள். வீட்டு வயரிங் கம்பி போட்டால் ஒரு மாதம் தாங்காது.

குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் மிஸ்

முதல் சந்தேகம் கண்டென்சர். மூடியைக் கழற்றி, எஞ்சினைச் செல்ஃபில் சுற்ற விட்டுப் பாயிண்டைப் பாருங்கள். லேசான நீலத் துளி இயல்பு. மஞ்சளும் வெள்ளையுமாகப் படபடவென்று பொறிந்தால் கண்டென்சர் போய்விட்டது. அதன் கொள்ளளவு 0.2 மைக்ரோஃபாரடை ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் மீட்டர் குளிரில் சரி என்று காட்டியதையே சூட்டில் நம்ப முடியாது. நல்ல கண்டென்சர் ஒன்றைக் காயிலின் டிஸ்ட்ரிபியூட்டர் பக்க முனைக்கும் உடலுக்கும் இடையே வெளியில் மாட்டிப் பாருங்கள். உள்ளிருப்பதன் வயரைக் கழற்றிவிட வேண்டும். வெளியே சூடு குறைவு. பலர் நிரந்தரமாகவே அங்கு வைத்துவிடுகிறார்கள்.

அடுத்தது காயில். மிஸ் வந்ததும் ஓரமாக நிறுத்தி, ஈரத்துணியைக் காயில் மேல் சுற்றுங்கள். ஐந்து நிமிடத்தில் சரியானால் விடை கிடைத்துவிட்டது. 1967 வரை எம்ஜிபி பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடலோடு சேர்வது), பிறகு நெகட்டிவ். பழைய வண்டியை நெகட்டிவுக்கு மாற்றியவர்கள் காயிலின் இரண்டு முனைகளை மாற்றிப் போட மறந்திருந்தால் பொறி தலைகீழாகப் பாயும். ஓடும், ஆனால் பளு ஏறும்போது பலமிழக்கும்.

சூடாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து எடுத்தால் மட்டும் ஒரு நிமிடம் திக்கித் திணறி, பிறகு தெளிந்துவிட்டால் அது மின்சாரமே அல்ல. இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கார்புரேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது. நின்ற வண்டியில் ஃப்ளோட் சேம்பர் (கார்புரேட்டரின் பெட்ரோல் தேக்கம்) பெட்ரோல் கொதிக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் இது கூடும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பங்க் பெட்ரோலே ஈ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்தது, ஆகிவிட்டது. வெப்பத் தடுப்புத் தகடு இடத்தில் இருக்கிறதா, அதன் உறை உரிந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நெடுஞ்சாலையில் நன்றாக ஏறி, பிறகு ஓய்ந்துபோகிறது

மின்சாரம் போனால் வெட்டினது போல் நிற்கும். பெட்ரோல் தீர்ந்தால் மூச்சுத் திணறி அடங்கும். ஓரமாக நிறுத்திச் சில நொடியில் திரும்ப ஓடினால் சேம்பர் காலியாகி நிரம்புகிறது என்று பொருள். முதலில் டாங்க் மூடியைத் திறங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் காற்றுத்துளை அடைப்பு.

அடுத்து எஸ்யூ மின் பம்ப். வலது பின் சக்கரத்தருகே இருக்கிறது, இக்னிஷன் போட்டதும் டிக்டிக்கென்று அடித்து நிற்க வேண்டும். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் உறிஞ்சும் பக்கத்தில் காற்று இழுக்கிறது. அடிக்கவேயில்லையென்றால், ஸ்பானர் பிடியால் மெல்லத் தட்டியதும் ஓடினால் பம்பின் பாயிண்ட் கருகிவிட்டது. தட்டியும் ஓடாவிட்டால் அதன் எர்த் வயரைப் பாருங்கள். எஞ்சின் குளிர்ந்த பின் கார்புரேட்டர் முனையில் குழாயைக் கழற்றி ஒரு ஜாடிக்குள் விட்டுப் பம்பை ஓடவிடுங்கள். நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவாக வந்தால், அல்லது குமிழி குமிழியாக வந்தால், டாங்கிலிருந்து தொடங்குங்கள்.

மிதித்ததும் திணறல், கார்புரேட்டர் வழியே தும்மல்

இப்போதுதான் கார்புரேட்டர் முறை. தும்மல் என்பது பெட்ரோல் குறைவின் குரல். முதலில் மேலே உள்ள டேம்பர் மூடியைக் கழற்றி எண்ணெய் இருக்கிறதா பாருங்கள்: எஸ்ஏஈ 20 எண்ணெய், உள்ளிருக்கும் குழல் தண்டின் வாய்க்கு மேல் அரை அங்குலம் வரை. எண்ணெய் இல்லாவிட்டால் பிஸ்டன் எகிறித் தூக்கிக் காற்று அதிகமாகப் புகும். காற்று வடிகட்டியைக் கழற்றி விரலால் பிஸ்டனை உயர்த்தி விடுங்கள். டக்கென்ற உலோகச் சத்தத்தோடு இறங்க வேண்டும். சிக்கினால் உட்புறத்தைத் தின்னரால் துடைத்து எண்ணெயிடாமல் மாட்டுங்கள். பிஸ்டனும் அதன் கூண்டும் ஜோடியாகக் கடைந்தவை. முன்னதைப் பின்னதோடு மாற்றிவிடாதீர்கள்.

1, 2 இரண்டும் சேர்ந்து பலவீனம் என்றால் முன் கார்புரேட்டர், 3, 4 என்றால் பின்னது. தேய்ந்த த்ராட்டில் தண்டு, மேனிஃபோல்டு கேஸ்கெட், பிரேக் சர்வோ குழாய், 1964-68 வண்டிகளில் மேனிஃபோல்டில் உட்கார்ந்திருக்கும் பிரீதர் வால்வின் கிழிந்த டயாஃப்ரம்: காற்று திருட்டுத்தனமாக நுழையும் இடங்கள் இவை. சர்வோ குழாயையும் பிரீதரையும் ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பெட்ரோல் கிளீனரைக் கொதிக்கும் எக்ஸாஸ்ட் மேல் பீய்ச்சித் தேட வேண்டாம்.

மிக்ஸ்சர் சரிபார்க்க, சூடான எஞ்சினில் ஒரு பிஸ்டனை 0.8 மி.மீ. மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி நின்றால் பெட்ரோல் அதிகம். எஞ்சின் அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் ஏறி அடங்கினால் சரி. ஜெட் நட்டை ஒரு பட்டை (நட்டின் ஆறு முகங்களில் ஒன்று) திருப்பினாலே வித்தியாசம் தெரியும். முழுக்கக் குழம்பிப்போனால் இரண்டையும் மேலே முட்ட ஏற்றி, 12 பட்டை இறக்கி அங்கிருந்து தொடங்குங்கள்.

எதற்கும் அசையாத ஒரே சிலிண்டர்

சூடான எஞ்சின், எல்லாப் பிளக்கும் கழற்றி, காயில் நடு வயரை எர்த் செய்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக் கம்ப்ரஷன் பாருங்கள். 8.8:1 எஞ்சினில் 160 பிஎஸ்ஐ ஒட்டி வரும். அந்த அளவைவிட நான்கு சிலிண்டருக்கும் இடையிலான வித்தியாசமே முக்கியம். 15 சதவீதத்துக்கு மேல் ஒன்று தாழ்ந்தால் அதில் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங்; ஏறாவிட்டால் வால்வு. 2-ம் 3-ம் சேர்ந்து தாழ்ந்தால் இரண்டுக்கும் நடுவே ஹெட் கேஸ்கெட் ஊதிவிட்டது.

ஹெட்டைத் தூக்குமுன் டாப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் இடையே உள்ளது) பார்த்துவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினில் 0.015 அங்குலம், 0.38 மி.மீ. கூட்டினால் ஒன்பது என்ற கணக்கு: 8-வது வால்வு முழுக்கத் திறந்திருக்கையில் 1-ஐச் சரிசெய்யுங்கள், 6 திறந்திருக்கையில் 3-ஐ, 4 திறந்திருக்கையில் 5-ஐ, அப்படியே எட்டும். ராக்கரின் முகம் குழிந்து தேய்ந்திருந்தால் ஃபீலர் கேஜ் குழியின் இரு கரையில் உட்கார்ந்து சரி என்று பொய் சொல்லும். உண்மை இடைவெளி அதைவிடப் பெரியது, டக்டக் சத்தம் நிற்காது. நேர்மாறாக, எக்ஸாஸ்ட் வால்வு இடைவெளி ஒவ்வொரு முறையும் தானே சுருங்கிக்கொண்டே வந்தால் சீட் தேய்ந்து வால்வு ஹெட்டுக்குள் புதைகிறது. ஈயம் கலந்த பெட்ரோலுக்காக வார்த்த ஹெட்டில், ஈயமில்லாத பெட்ரோலில் அதிவேகமாக ஓட்டினால் நடப்பது இது. இடைவெளியைத் திரும்பத் திரும்பத் தளர்த்திக் காலம் தள்ள முடியாது. வால்வு எரிந்து அந்தச் சிலிண்டர் முழுக்கச் சாகும் முன் ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் பதிக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது ஹெட் நட்டுகளுக்கு 45 முதல் 50 எல்பி-அடி, நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக. முறுக்கி முடித்ததும் டாப்பெட் இடைவெளி மாறியிருக்கும், மறுபடி அளங்கள்.